அழுகிற பொம்மையை அமுக்கியவர்

டாக்டர் சொன்னதை நோயாளிக்குப் புரிகிற மாதிரி திருப்பிச் சொல்வதுதான் கண் ஆஸ்பத்திரியில் என் கவுன்சலர் வேலை. கேட்டவர் முகம் கோணக் கூடாது என்பது மேனேஜர் சேர்த்த வேலை. வெளியே போகிற வழியில் ஒரு பெட்டி. அதில் சிரிக்கிற பொம்மை, அழுகிற பொம்மை போட்ட இரண்டு பொத்தான். திருப்தியா இல்லையா என்று அமுக்கிவிட்டுப் போகவேண்டும். நீங்களும் அமுக்கியிருப்பீர்கள், மருந்து விட்டு மங்கிய கண்ணோடு, எதை அமுக்கினோம் என்றே தெரியாமல்.

மகன் அமுக்கியது

செய்யது பாய் டெய்லர். கண்ணில் அழுத்தம் கூடி, நரம்பு கெட்டு, இடது கண் போய்விட்டது. வலதில் பாதி மிச்சம். போனது வராது, சொட்டு மருந்து இருப்பதைக் காக்கும், அவ்வளவுதான். அத்தாவிடம் இதைச் சொல்லாதீங்க என்று மகன் கெஞ்சினான். பக்கத்து மேசை சாந்திக்கு இளகிய மனசு. "ஊத்துங்க பாய், நல்லாயிரும்" என்று அனுப்பிவிட்டாள்.

மகன் சிரிக்கிற பொம்மையை அமுக்கினான். மேனேஜர் என்னிடம் வந்தார். "சாந்தியப் பாத்தாவது கத்துக்கங்க சார்."

கைக்குட்டை

சில மாதம் கழித்து அழுத்தம் எகிறிப்போய் வந்தார் பாய். சாந்தி லீவு. என் மேசைக்கு அனுப்பினார்கள். மருந்தை நிறுத்திவிட்டாராம்.

"ஏன்?"

"ஊத்தி ஊத்திப் பாத்தேண்ணே. ஊசியில நூல் கோக்குற அளவுக்குக்கூடத் தெளியல. பின்ன எதுக்கு?"

பின்னால் நின்று மகன் கையை ஆட்டினான், சொல்லாதே என்று. எனக்கு அந்தச் சாடையெல்லாம் ஆகாது. "பாய், போன பார்வை வராது. மருந்த நிறுத்துனா இருக்கிறதும் போயிரும். உசுரு இருக்கிற வரைக்கும் ஊத்தணும்" என்றேன்.

பாய் கைக்குட்டையை எடுத்தார். போகும்போது மகன் அழுகிற பொம்மையை ஓங்கிக் குத்தினான். "அத்தாவ அழ வச்சுட்டீங்கள்ல? இனி இந்தப் பக்கமே வரமாட்டோம்!"

வராவிட்டால் அந்தப் பாதிக் கண்ணும் போச்சு.

தனியாக

போன வாரம் பாய் வந்தார். மகன் இல்லை. ஆரப்பாளையத்தில் பஸ்சை விட்டு இறங்கித் தானே நடந்து வந்தாராம். டாக்டர் பார்த்தார், அழுத்தம் இறங்கியிருக்கிறது, வலது கண் இருந்தபடியே இருக்கிறது.

"மருந்து?"

"ஒரு வேளைகூடத் தவறலண்ணே."

எழுந்து போனவர் பெட்டிக்கு முன் குனிந்தார். நிதானமாகப் பார்த்தார். அழுகிற பொம்மையை அமுக்கினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன பாய், நீங்களுமா?"

"நீங்க சொன்னதுல சிரிக்கிறதுக்கு என்னண்ணே இருக்கு? அடுத்த தடவையும் உங்ககிட்டதான் வாரேன்."

என் கணக்கில் இன்னொரு அதிருப்தி ஏறிவிட்டது. ஆனால் யாரையும் கேட்காமல் சரியான பொம்மையைக் கண்டுபிடித்து அமுக்கியிருக்கிறார் மனுஷன்.