ஒரு வடைகூட வாங்காமல்

போன வருடம் செப்டம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில், கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வருகிற ஒரு சந்தில் இது நடந்தது. வீட்டுக்கு வெளியே யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. எழுதுவது கொஞ்சம் சுலபம் என்பதால் எழுதுகிறேன்.

நான் கிள்ளானில் இருக்கிறேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவன். புது ஆட்களிடம் பேச எனக்கு வராது. சாப்பாட்டுக் கடையில் நான் கேட்டது ஒன்று, வந்தது வேறு என்றாலும் அதையே சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவேன். அந்தச் சுபாவம்தான் அன்றைக்கு என்னை மாட்டிவிட்டது.

எங்களுக்கு ஒரே மகள். பினாங்கில் நான்கு வருடம் படித்துப் பட்டம் வாங்கினாள். அப்புறம் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் பல நாள் சாயங்காலம் ஏழு மணி வரை வேலை இருக்குமாம். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் தினமும் போய் வருவது நடக்காத காரியம். அங்கேயே தங்க வேண்டும். எங்கே தங்குவது என்பதில்தான் எங்கள் வீட்டில் இரண்டு வாரமாக யாருக்கும் நிம்மதியில்லை.

என் மனைவியின் அக்கா செலாயாங்கில் இருக்கிறார். அங்கே தங்கட்டும், சொந்தக்காரர்கள் வீடு, பயமில்லை என்றாள் என் மனைவி. ஆனால் அங்கே தனி அறை கிடையாது. மூன்று சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஹாலில்தான் படுக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு பஸ், ரயில், மறுபடி பஸ் என்று மாற வேண்டும். மகள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு அறை பார்த்து வைத்திருந்தாள். பழைய நான்கு மாடி பிளாட்டில் இரண்டாவது மாடி. ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் தனியாக இருக்கிறார். படிக்கிற பெண்களுக்கு மட்டும் அறை தருகிறார். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குச் சில நிறுத்தங்கள்தான். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், வேறொரு பெண்ணும் கேட்டிருக்கிறாள் என்று மகள் சொன்னாள்.

அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அப்பா என்ன சொல்றீங்களோ அதுதான்," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் என்றால் என் சின்ன வயதில் கேட்ட கதைகள்தான் மனதில் வந்தன. பின்சந்துகள், குடிகாரர்கள், கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறக்கிறவர்கள். கைப்பேசியில் வருகிற செய்திகளும் அதற்குத் தகுந்த மாதிரியே இருந்தன. நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். மகளைக் கூட்டிக்கொண்டு போனால் அவள் நல்லதை மட்டும் காட்டுவாள். அதனால் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாக ரயில் ஏறினேன். உண்மையைச் சொன்னால் நான் பார்க்கப் போகவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணம் தேடித்தான் போனேன்.

மத்தியானம் ஒரு முறை நடந்தேன். பெரிய சாலையில் பார்வையில்லாதவர்களுக்காகப் பதித்திருக்கிற மஞ்சள் கல் வரிசை, அந்தச் சந்து தொடங்குகிற இடத்தில் நின்றுவிட்டது. அதுவே எனக்கு நல்லதாகப் படவில்லை. சந்தின் நடுவில் ஒரு அக்கா குடை விரித்து வடையும் பிசாங் கோரெங் என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் பொரித்துக்கொண்டிருந்தார். எதிரில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிற பட்டறை. கடைசியில் அந்த பிளாட். கீழே இரும்புக் கேட்டின் பூட்டு துருப்பிடித்திருந்தது. படம் எடுத்தேன். இருட்டான மாடிப்படியைப் படம் எடுத்தேன். இரண்டாவது மாடி ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறதா என்று நின்று பார்த்து, அதையும் எடுத்தேன். மேலே ஏறிப் போய் மணியடித்து, நான் இன்னாருடைய அப்பா என்று சொல்லியிருக்கலாம். அந்தத் தைரியம் வரவில்லை.

ஐந்து மணிக்கு மறுபடி நடந்து, சந்தில் எத்தனை விளக்குக் கம்பம் என்று எண்ணினேன். ஏழு மணிக்கு, மகள் வீடு திரும்பக்கூடிய நேரத்தில், மூன்றாவது முறை நடக்கலாம் என்று ரயில் நிலையத்தில் காத்திருந்தேன். மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

அந்த நேரத்தில் ரயில் நிலையத்திலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். முதுகில் பை, கையில் மடித்த குடை. அந்தச் சந்துப் பக்கம் திரும்பினாள். எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்தப் பெண்ணின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம், இந்த வழியில் ஒரு பெண் பயமில்லாமல் நடக்க முடிகிறதா என்று தெரிந்துவிடும். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அப்போது அது எனக்கு நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

அவள் சாலையைக் கடந்தாள், நானும் கடந்தேன். திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அவள் மெதுவாக நடந்தாள். தாண்டிப் போனால் தப்பாக நினைப்பாள் என்று நானும் மெதுவாக நடந்தேன். பிறகு கைப்பேசியைக் காதில் வைத்துச் சத்தமாகப் பேசினாள்.

"ஆமாப்பா, வந்துட்டேன்ப்பா. கீழதான் நிக்கிறீங்களா? சரிப்பா, அங்கயே நில்லுங்க."

பரவாயில்லை, என்னை மாதிரி ஒரு அப்பா கீழே வந்து நிற்கிறார் என்று எனக்குக்கூட ஆறுதலாக இருந்தது. அதன் பிறகு அவள் ஓடாத குறையாக நடந்தாள். நான் மனதில் குறித்துக்கொண்டேன்: இந்தச் சந்தில் பெண்கள் பயப்படுகிறார்கள். இது போதும், செலாயாங்தான். மனைவியிடம் காட்டலாம் என்று, விளக்கு ஒன்று அணைந்து கிடந்த அந்த இருட்டுச் சந்தை, அவள் போய்க்கொண்டிருக்கும்போதே படம் எடுத்தேன். வெளிச்சம் போதாததால் ஃபிளாஷ் தானாக அடித்தது.

அவள் ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு வடைக்கடைக்கு ஓடினாள்.

கடைக்கார அக்கா எண்ணெய் சொட்டுகிற கரண்டியோடு குடைக்கு வெளியே வந்தார். "அண்ணே, அங்கயே நில்லுங்க. யாரைத் தேடுறீங்க?"

"யாரையும் இல்ல," என்றேன். அதைவிட மோசமான பதில் வேறு இருக்க முடியாது.

"யாரையும் தேடலயா? மத்தியானம் வந்தீங்க. அஞ்சு மணிக்கு வந்தீங்க. இப்ப மூணாவது தடவ. ஒரு வடைகூட வாங்கல. யாரையும் தேடாத ஆளுக்கு இந்த லோரோங் சந்துல என்ன வேலை?"

பட்டறையிலிருந்து ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "பொஸ், போனக் குடுங்க," என்றார். கொடுத்துவிட்டேன். அவர் ஒவ்வொரு படமாகத் தள்ளினார். கேட், பூட்டு, மாடிப்படி, ஜன்னல். கடைசியில் அந்தப் பெண்ணின் முதுகு.

"என்ன பொஸ், வீடு உடைக்க பிளானா, இல்ல வேற பிளானா?"

"என் பொண்ணு..." என்றேன்.

"யாரு, இவங்களா?"

"இல்ல. ரூம் பாக்க..."

"பொண்ணுங்க இருக்கற வீட்டுல உங்களுக்கு எதுக்கு ரூம்?"

அந்தப் பெண் அழவில்லை. அக்காவின் குடைக்குள் ஒதுங்கி நின்றாள். "உங்கப்பா கீழ நிக்கிறாருன்னு சொன்னியே, கூப்பிடும்மா அவர," என்றார் கடைக்கார அக்கா.

"அப்பா ஊருல, தைப்பிங்ல இருக்காருக்கா. போன்ல யாரும் இல்ல. சும்மா பேசிட்டு வந்தேன்."

அதைக் கேட்டதும்தான் எனக்குப் புரிந்தது. அவள் பயந்தது சந்தைப் பார்த்து இல்லை. இருட்டைப் பார்த்தும் இல்லை. நான் வந்த காரியத்துக்குக் கிடைத்த சாட்சி என்று நினைத்தேனே, அந்தப் பயத்துக்குக் காரணமே நான்தான்.

போலீசைக் கூப்பிடலாம் என்று பட்டறைக்காரர் சொன்னார். என் மகளைக் கூப்பிடுங்கள் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் என் கைப்பேசியிலேயே வீடியோ அழைப்புப் போட்டார். திரையில் மகள் முகம் வந்தது.

"இவரு உங்கப்பாவா?"

"ஆமா. அப்பாவுக்கு என்னாச்சு? அவரு வேலையில இல்லையா?"

கடைக்கார அக்கா கைப்பேசியை வாங்கி நடந்ததையெல்லாம் சொன்னார். ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. மகள் முழுவதையும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அவரு அப்படிப்பட்டவரு இல்லக்கா. எனக்கு ரூம் பாக்கத்தான் வந்திருப்பாரு. ஆனா அவரு செஞ்சது தப்பு. அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க."

கேட்டேன். அந்தப் பெண்ணின் கண் முன்னாலேயே எல்லாப் படங்களையும் அழித்தேன். அவள், "அங்கிள், ரெண்டு வருஷமா இந்த வழியாதான் வரேன். இன்னிக்குத்தான் பயந்தேன்," என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இதற்குள் சத்தம் கேட்டு இரண்டாவது மாடியிலிருந்து ஒரு அம்மாள் இறங்கி வந்திருந்தார். கைப்பேசித் திரையை எட்டிப் பார்த்தவர், "இது நம்மகிட்ட ரூம் கேட்ட பொண்ணுதானே?" என்றார். அவர்தான் வீட்டுக்கார நர்ஸ்.

இந்த அறை வேண்டாம் என்று சொல்லத்தான் நான் மத்தியானத்திலிருந்து நடந்தேன். இப்போது என்னால் அது கைவிட்டுப் போகப்போகிறது என்றதும், எப்படியாவது மகளுக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. மத்தியானத்திலிருந்து அந்தக் கடைக்கார அக்கா என்னைக் கவனித்திருக்கிறார். ஒரு பெண் ஓடி வந்த உடனே மூன்று பேர் வந்து நின்றுவிட்டார்கள். நான் விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்; இவர்களை எண்ணவில்லை.

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மேல வந்து மணியடிச்சிருந்தா வீட்டையே சுத்திக் காட்டியிருப்பேனே. இப்படியா பாப்பாங்க?" என்றார். பிறகு திரையைப் பார்த்து, "நீ நாளைக்கு வாம்மா. அப்பா வந்தா மணியடிச்சுட்டு வரச் சொல்லு," என்றார்.

பட்டறைக்காரர் கைப்பேசியைத் திருப்பித் தந்தார். அந்தப் பெண் அந்த அம்மாளோடு கேட்டுக்குள் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அங்கிருந்து எப்படி நகர்வது என்றே தெரியவில்லை. கடைக்கார அக்காவிடம் பத்து வடை கேட்டேன்.

"இத மத்தியானமே வாங்கியிருந்தா இவ்வளவு கத வந்திருக்காது லா," என்று சொல்லிக்கொண்டே கட்டிக்கொடுத்தார். அதில் கேலி இருந்தது. கொஞ்சம் இரக்கமும் இருந்தது.

ரயிலில் வடைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போனதும் மனைவி நன்றாகத் திட்டினாள். மகள் திட்டவில்லை. ஒரு வடையை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அந்த ரூமையே எடுத்துக்கோம்மா என்றேன். தலையாட்டினாள். அந்தப் பெண் யாரும் இல்லாத போனில் அப்பாவிடம் பேசியதுதான் என் மனதை விட்டுப் போகவில்லை. அதைச் சொன்னேன்.

"நானும் அப்படித்தான்பா," என்றாள். "பினாங்குல நாலு வருஷமும் பஸ்ஸ விட்டு எறங்கினா அப்படிப் பேசிட்டேதான் நடப்பேன்."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான். நீங்க கேக்கற மாதிரியும் நான் பதில் சொல்ற மாதிரியும்."

ஏன் நிஜமாகவே கூப்பிடவில்லை என்று கேட்டேன். "கூப்பிட்டா நீங்க 'ம்'னு சொல்லிட்டு அம்மாகிட்ட குடுத்துடுவீங்களே," என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் உண்மை.

அவள் அந்த அறைக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. இப்போது ரயிலை விட்டு இறங்கியதும் நிஜமாகவே என்னைக் கூப்பிடுகிறாள். கிடங்கில் வேலையில் இருந்தாலும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு எடுக்கிறேன். என்ன பேசுவது என்று இன்னமும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வடைக்கடை திறந்திருக்கிறதா, அணைந்து கிடந்த விளக்கை மாற்றினார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். "இன்னும் மாத்தலப்பா," என்று சிரிப்பாள். கேட் திறக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் வைப்பேன். கிள்ளானில் நான் நடந்து போகும்போது முன்னால் ஒரு பெண் தனியாகப் போனால், செருப்பைச் சரி செய்வதுபோல நின்றுவிடுகிறேன். அவள் தூரமாகப் போன பிறகுதான் நடக்கிறேன். மகளுக்குப் பயமில்லாத இடம் எது என்று நாள் முழுக்கத் தேடியவன் நான். ஆனால் ஒரு பெண்ணின் பயத்தில் எனக்கும் பங்கு இருக்கலாம் என்பதும், அவள் பத்து நிமிடம் பேசுவதற்கு ஒரு அப்பா போனில் இருந்தால் போதும் என்பதும், அந்தச் சந்தில் தலைகுனிந்து நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.