நொச்சி மேல் விழுந்த பழி

செங்கம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கீழ் வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். மாடியில் வீட்டுக்காரர். வாசலில் நான் போட்ட தோட்டத்தில் பப்பாளி, மரவள்ளி, துளசி, ஆள் உயரத்துக்கு ஒரு நொச்சி. வருஷக்கணக்காக அந்த நொச்சியை உரசிக்கொண்டுதான் அவர் மாடிப்படி ஏறுகிறார். போன பௌர்ணமிக்கு முந்தின நாள் அவருக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. செடியைப் படம் எடுத்து எங்கள் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். ‘கீழ் வீட்டில் கஞ்சா செடி இருக்கிறது. என்ன செய்யலாம்?’

படி இறங்கினால் என் வாசல். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழுவில் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. 

மேலே போய்க் கேட்டேன். “கோவிச்சுக்காதம்மா. பௌர்ணமின்னா கிரிவலக் கூட்டம் ஜாஸ்தி, போலீசும் சந்துக்குள்ள வர்றாங்க. அதான் பயந்துட்டேன்” என்றார்.

“போலீசுக்குப் பயந்தவரு தெருவுக்கே எதுக்கு சார் சொன்னீங்க?”

விறுவிறுவென்று கீழே இறங்கினேன். தோட்டத்து இலைகளில் வகைக்கு ஒன்றாகப் பறித்து, தட்டோடு கொண்டுபோய் அவர் வீட்டு டைனிங் டேபிளில் வைத்தேன். துளசியை ஒரு பக்கம் தள்ளினேன். விரல் விரித்த கை மாதிரி இருந்தவற்றை மறுபக்கம் வைத்தேன். “கை மாதிரி இருந்தா கஞ்சாவா? அப்போ பப்பாளியையும் மரவள்ளியையும் புடிச்சு உள்ள போடுங்க!” அவர் போனிலேயே கஞ்சா இலைப் படத்தைத் தேடி எடுக்கச் சொல்லி, பக்கத்தில் நொச்சியை வைத்தேன். படத்து இலையின் ஓரமெல்லாம் ரம்பப் பல். நொச்சியின் ஓரத்தில் ஒரு பல்லும் இல்லை. திருப்பிக் காட்டினேன், அடிப்பக்கம் சாம்பல் பூசிய மாதிரி வெளுத்திருந்தது. கடைசியில் கசக்கி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“அட, நொச்சி! சளிக்கு ஆவி புடிக்கிறதாச்சே!”

பிறந்ததிலிருந்து பிடித்த ஆவி. போர்வைக்குள்ளே கண்ணை மூடிக்கொண்டு பிடித்ததால், இலை எப்படி இருக்கும் என்று மனுஷன் பார்த்ததே இல்லை.

“சரி, குழுவுல தப்புன்னு போடுங்க” என்றேன்.

“அப்பவே டெலீட் பண்ணிட்டேம்மா. மறுபடி எதுக்குக் கிளறிக்கிட்டு?”

அவர் மானம் போய்விடுமாம். என் மானம் தெருவில் கிடப்பது அவர் கண்ணில் படவில்லை. ஆத்திரத்தோடு இறங்கிவந்து, இலையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து நானே விளக்கம் எழுதிப் போட்டேன். எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெண் வந்தாள். தினமும் என்னோடு நின்று கீரை வாங்குகிறவள். அன்றைக்கு கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு குரலைத் தாழ்த்தினாள். “அந்தச் செடிய எடுத்துட்டீங்களாக்கா? கூட்டம் வர்றதுக்குள்ள எடுத்துடுங்க.”

அக்கறையாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு கொத்தை ஒடித்து, “நொச்சிம்மா இது, மோந்து பாரு” என்று நீட்டினேன்.

அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.