எந்தக் காவேரி? ஏற்காட்டில் ஒரு கிராம சபை நாள்

இந்தப் பயணம் போன ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி நடந்தது. எட்டு மாதமாக எழுதாமல் வைத்திருந்தேன். பாதி சோம்பேறித்தனம். மீதிப் பாதிக்கான காரணம் கடைசியில் வருகிறது.

நான் போனது சத்தியமாகப் பலாப்பழத்துக்காகத்தான். அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஏற்காடு ஒண்டிக்கடையில் சாலையோரம் மிளகு விற்றுக்கொண்டிருந்த காவேரி என்ற பெண்ணிடம் கால் கிலோ வாங்கினேன். பேச்சுவாக்கில், "ஆகஸ்ட்டுல ஊட்டுக்கு வாங்கக்கா, எங்க மரத்துப் பழத்தைத் தின்னுட்டு அப்புறம் சொல்லுங்க" என்றார். இப்படி ஒருவர் கூப்பிட்டபிறகு போகாமல் இருக்கிற ஆள் நான் இல்லை. என் வீட்டுக்காரர் மட்டும் "அதே ஏரி, அதே படகு, நான் வரல" என்று கரூரிலேயே படுத்துக்கொண்டார். அவருக்குப் பழம் கிடையாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

சேலம் புதுப் பேருந்து நிலையத்தில் காலை 6.40-க்குப் பஸ் ஏறினேன். 32 கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள், டிக்கெட் 34 ரூபாய். பன்னிரண்டாவது வளைவில் எனக்கு முன்சீட்டுக்காரர் வாந்தி எடுத்ததால் மிச்ச இயற்கைக் காட்சிகளை மூக்கைப் பொத்திக்கொண்டு ரசித்தேன். எட்டு மணிக்கு ஒண்டிக்கடை. நாலு இட்லி, ஒரு வடை, காபி எல்லாம் சேர்த்து 85 ரூபாய்.

ஆட்டோ ஓட்டுநர் ஆரோக்கியத்துக்கு என் வயதில் முக்கால் இருக்கும். வெள்ளக்கடைப் பக்கம் அந்தச் சின்ன ஊரின் பெயரைச் சொல்லி, "காவேரி வீட்டுக்குப் போகணும்" என்றேன். அவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"எந்தக் காவேரிங்கக்கா?"

"மிளகு விற்பாங்களே."

"அங்க எல்லாருமே மிளகு விப்பாங்க. சரி ஏறுங்க, பாத்துக்கலாம்." பதினொரு கிலோமீட்டர், போக மட்டும் 400 ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன், சாலையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் இறக்கிவிட்டது ஒரு புது வீட்டு வாசலில். அரசுத் திட்டத்தில் கட்டிய வீடு. சுவரில் பச்சைப் பெயிண்டில் திட்டத்தின் பெயர், கீழே "பயனாளி: காவேரி" என்று எழுதியிருந்தது. வெளியே வந்தவர் எனக்கு முன்பின் தெரியாத அம்மா. முறத்தில் சின்ன வெங்காயம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீங்க தேடறது பலாமரத்துக் காவேரிங்க. நான் களத்துக் காவேரி, களத்தோரம் இருக்கறதால. அவ இந்நேரம் கிராம சபைக் கூட்டத்துக்குப் போயிருப்பா. நானும் அங்கதான் போறேன். காபி குடிச்சுட்டு வாங்க போலாம்." அவர்கள் தோட்டத்துக் காப்பிக்கொட்டை, வெல்லம் போட்ட வரக்காபி. அதற்கே 400 ரூபாய் கொடுக்கலாம்.

நடக்கும்போதே விவரம் சொன்னார். போன மழையில் பலாமரத்துக் காவேரி வீட்டின் பின்சுவர் இடிந்துவிட்டது. கூரைக்குத் தார்ப்பாய். வீடு கேட்டு மூன்று கிராம சபையில் மனுக் கொடுத்தாகிவிட்டது. இந்த முறையும் நடக்காவிட்டால் அடுத்த மழைக்கும் இரண்டு பிள்ளைகளோடு தார்ப்பாயின் கீழேதான். எனக்குப் பலாப்பழ ஆசை அங்கேயே அடங்கிப்போனது.

பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா. கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்திருந்தார்கள். சரியாக 11.10-க்குக் கூட்டம் தொடங்கியது. மேசையில் ஊராட்சிச் செயலர். பக்கத்தில் கூட்டத்தைக் கவனிக்க ஒன்றியத்திலிருந்து வந்த பெண் அதிகாரி. வருகைப் பதிவேட்டைக் கையெழுத்துக்குச் சுற்றவிட்டார்கள். முதல் வரிசைக்கு வந்த பதிவேடு அங்கேயே நின்றுவிட்டது. ஒரு பெண் அதை மடியில் வைத்து மேலே கையை வைத்துக்கொண்டார். தீர்மானத்தை எழுதி வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து, அது இந்த ஊர்ப் பெண்களின் வழக்கமாம். முன்னொரு காலத்தில் கையெழுத்தை முதலில் போட்டுவிட்டு ஏமாந்தவர்கள்.

நம் பலாமரத்துக் காவேரி எழுந்தார். "ஏனுங்க சார், என் ஊட்டு மனு என்னாச்சுங்க?"

செயலர் கணினியைத் தட்டிப் பார்த்தார். "காவேரி, கணவர் பெயர் சேர்வராயன். உங்களுக்குத்தான் வீடு கட்டி முடிச்சாச்சே? படமே இருக்குதேம்மா!" என்று திரையைத் திருப்பினார்.

நான் எட்டிப் பார்த்தேன். அட, காலையில் நான் காபி குடித்த வீடு!

என் பக்கத்திலிருந்த களத்துக் காவேரி ஒரு நொடி தயங்கினார். கைக்கு வந்த வீட்டுக்கு ஏதாவது வில்லங்கம் வருமோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் எழுந்துவிட்டார். "அது என்னோட ஊடுங்க சார். என் ஊட்டுக்காரர் பேரும் சேர்வராயன்தானுங்க. என் பேர்ல வந்ததுக்கு அவ பேரை அடிச்சுப்போட்டீங்க."

"ஒரே ஊர்ல ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?" என்றார் செயலர். மலைக்குப் புதுசு, மாற்றலாகி வந்து மூன்று மாதம்தானாம்.

"ரெண்டா?" பலாமரத்துக் காவேரி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "காவேரின்னு பேரு இருக்கறவங்க எல்லாம் எந்திரிங்கடி!"

ஒன்பது பேர் எழுந்தார்கள். ஷாமியானா குலுங்கியது. அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கணவர் பெயர் சேர்வராயன் இல்லாதவங்க உட்காருங்க" என்றார். அப்படியும் நாலு பேர் நின்றார்கள்!

"மலை உச்சியில சேர்வராயனும் காவேரியும் உக்காந்திருக்கறாங்க. சாமி பேரை வெக்காம நாங்க வேற யாரு பேரை வெக்கறதுங்க?" என்றார் பின்வரிசையில் ஒருவர். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமே!" என்று பலாமரத்துக் காவேரி செயலரைப் பார்த்தார். அந்த மனுஷனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றார்.

"உங்களுக்கு முந்தி இருந்தவரும் மூணு தடவையா அதத்தானுங்க சொன்னாரு. நானூறு மீட்டர்தானுங்க, இப்பவே வந்து பாத்துருங்க. அதுவரைக்கும் பதிவேடு இங்க இருக்கட்டும்." மடியில் வைத்திருந்த பெண் பதிவேட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கூட்டம் அப்படியே எழுந்து நடந்தது. நானும் ஓடினேன். பலாமரம் பெரிய மரம், அதன் கீழே வீடு என்று சொல்ல முடியாத ஒன்று. அதிகாரி தார்ப்பாயைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனார். தரை ஈரம். பாடப்புத்தகங்களைப் பிளாஸ்டிக் குடத்துக்குள் வைத்திருந்தார்கள். வெளியே வந்த அதிகாரி அவரே படம் எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்து செயலர் தீர்மானம் எழுதி வாசித்தார். முடித்ததும் முதல் வரிசையிலிருந்து பதிவேட்டுப் பெண்ணின் குரல், "எந்தக் காவேரின்னு எழுதலையேங்க?"

"அரசாங்கப் பதிவேட்டுல பலாமரம், களம்னெல்லாம் எழுதக்கூடாதும்மா."

"அப்ப அடுத்த தடவையும் வேற காவேரிக்குப் போயிரும். எழுதுங்க, கையெழுத்துப் போடறோம்."

அதிகாரி சொன்னார், "எழுதுங்க சார். அடையாளம்தானே." அவர் எழுதினார். எழுதியதோடு நிற்காமல், மற்ற எட்டுக் காவேரிகளையும் வரிசையாகக் கூப்பிட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். கிணத்தடிக் காவேரி, மேட்டுக் காவேரி என்று ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். அதற்குப் பிறகுதான் பதிவேடு கைவிட்டுக் கைமாறியது.

பழம் சாப்பிட்டேனா? பன்னிரண்டு சுளை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு காவேரியே அரிந்து கொடுத்தார். வீட்டுக்காரருக்கும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டதால் என் முடிவு பாழானது. 4.30 பஸ்ஸில் மலை இறங்கிவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆகஸ்ட் 15, ஜனவரி 26, மே 1, அக்டோபர் 2 போன்ற நாட்களில் எந்த ஊருக்குப் போனாலும் கிராம சபையில் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். அந்த ஊர் வாக்காளர் இல்லையென்றால் பேசவோ கையெழுத்துப் போடவோ கூடாது, சிரிக்கலாம். குடை கட்டாயம். ஆட்டோவுக்குத் திரும்பி வரவும் சேர்த்து முதலிலேயே பேசிவிடுங்கள், நான் மறுபடி 400 கொடுத்தேன். உங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போனால், வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான் எழுதாமல் காத்திருந்தது ஒரு படத்துக்காக. போன வாரம், சித்திரை மழை கொட்டிய மறுநாள் காலை, ஆட்டோ ஆரோக்கியத்தின் போனிலிருந்து வந்தது. புதுச் சுவர், பச்சைப் பெயிண்ட், "பயனாளி: பலாமரத்துக் காவேரி". கூடவே காவேரியின் குரலில் ஒரு பதிவு:

"அக்கா, நேத்து நொம்ப மழைங்க. காலைல எந்திரிச்சுப் பாத்தாத்தான் மழை வந்ததே தெரிஞ்சுதுங்க."