கூப்பிடாத வக்கீலம்மா

வக்கீல் தொழிலில் ஒரு விநோதம் உண்டு. பானிபூரிக்காரன் மணி அடிக்கலாம். டுடோரியல் காலேஜ்காரன் பஸ் முதுகு முழுக்கத் தன் முகத்தை ஒட்டலாம். ஜோசியர் டிவியில் வந்து கையை ஆட்டலாம். வக்கீல் மட்டும் "வாங்க" என்று ஒரு வார்த்தை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் பார் கவுன்சில் கறுப்புக் கோட்டைக் கழற்றிவிடும். தமயந்தி இதெல்லாம் தெரிந்தேதான் வக்கீலானாள். அந்த விதியை எழுதிய புண்ணியவான்கள் பெங்களூரின் ஜீவனஹள்ளிப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பதுதான் அவளுக்கு உறைக்காமல் போனது.

ஜீவனஹள்ளியில் அழைக்காமல் எதுவும் நடக்காது. காதுகுத்துக்குப் போனில் சொன்னால் போதாது, நேரில் வர வேண்டும். நேரில் வந்தால் போதாது, தட்டு வேண்டும். தட்டை வீட்டு ஆம்பிளையிடம் மட்டும் நீட்டிவிட்டுப் பொம்பளையை விட்டுவிட்டால் ரெண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. இப்படிப்பட்ட ஜனங்களுக்கு நடுவில், யாரையும் அழைக்கக் கூடாத ஒரு தொழிலைக் கடை விரிப்பதென்றால் அதற்கு அசாத்திய துணிச்சல் வேண்டும்.

அது தமயந்திக்கு நிறையவே இருந்தது. தொண்ணூற்றொன்றில் குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கணவன் எத்திராஜ் லிஃப்ட் மெக்கானிக். பிரேசர் டவுனில் தியோடர் என்ற பெரிய வக்கீலின் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். மற்றவர்கள் பார்த்து அடிப்பார்கள், இவள் படித்து அடிப்பாள். வாடகைத் தகராறு, பாகப்பிரிவினை, விவாகரத்து என்று ஊர் வம்பெல்லாம் விரல் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தால் மனுஷிக்கு ஆசை வராதா? ஒருநாள் ஈவினிங் காலேஜில் சட்டம் படிக்கப் போவதாகச் சொன்னாள்.

"வீட்ல எத்திராஜ் ஒத்துக்கிட்டாரா?" என்று கேட்டார் தியோடர்.

"அவரு லிஃப்ட்ல மாட்டினவங்கள வெளிய எடுக்கிறவரு சார். என்னைய உள்ள போட்டுப் பூட்டுவாரா?"

படித்தாள், பாஸ் பண்ணினாள், கோட்டும் போட்டாள். ஆனால் சில வருஷம் தியோடரின் ஜூனியராகவே இருந்தாள். ஜூனியர் என்றால் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவது, வாய்தா வாங்குவது. கோர்ட்டில் "அவர் வந்துகொண்டிருக்கிறார், மை லார்ட்" என்பதைத் தவிர அவள் குரலை எந்த நீதிபதியும் கேட்டதில்லை. நாற்பது வயது நெருங்கியதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டாயிரத்து எட்டு யுகாதிக்கு ஜீவனஹள்ளியில் ஒரு பேக்கரிக்கு மேலே அறை எடுத்து, விதி அனுமதித்த அளவுக்குச் சின்னதாக ஒரு பெயர்ப்பலகையை மாட்டிவிட்டாள்.

தியோடர் நல்ல மனுஷர், திட்டவில்லை. "உன் நாற்காலிய கிறிஸ்துமஸ் வரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டேன். கேஸ் வரலேன்னா வெக்கப்படாம வந்துடும்மா" என்றார். பிரியமாகத்தான் சொன்னார். தமயந்திக்கோ அது சுருக்கென்று தைத்தது. அந்த நாற்காலிக்குத் திரும்பினால் அப்புறம் ஆயுசுக்கும் "அவர் வந்துகொண்டிருக்கிறார்"தான் என்று அவளுக்குத் தெரியும்.

யுகாதி போய் ஆடி வந்தது. கீழே பேக்கரியில் வெங்காயம், மிளகாய் போட்ட காரா பன் வாங்க அவ்வளவு கூட்டம், மாடிக்கு ஒரு ஈ காக்கை ஏறவில்லை. தமயந்தி தினமும் கோட்டை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பன் வாசனையில் பசிதான் எடுத்தது.

அந்த வருஷம்தான் வக்கீல்கள் வெப்சைட் வைத்துக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தியிருந்தார்கள். பெயர், விலாசம், படிப்பு, என்னென்ன கேஸ் எடுப்பார், அவ்வளவுதான் போடலாம். பெருமை பேசக் கூடாது. காக்ஸ் டவுனில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த க்ளென்னிடம் ஓடினாள். அவன் ஆர்வக்கோளாறில் ஒரு சிங்கம் கர்ஜித்து, தராசு சுற்றி, "100% வெற்றி" என்று எழுத்து மின்னுகிற மாதிரி ஒன்றைத் தயார் செய்து காட்டினான்.

"க்ளென், நான் வக்கீல்பா. சர்க்கஸ் இல்ல. எல்லாத்தையும் தூக்கு. முதல்ல ஒரு அறிவிப்பு வரணும். படிச்சு ஒத்துக்கிட்டாத்தான் உள்ள விடணும்."

பெரிய வக்கீல்களின் வெப்சைட்டில் எல்லாம் அப்படி ஒரு அறிவிப்பு இருக்கும். நாங்கள் விளம்பரம் செய்யவில்லை, தாங்களே விரும்பி வந்தீர்கள் என்பதை இங்கிலீஷில் மூச்சுமுட்ட ஒரே வாக்கியமாக எழுதியிருப்பார்கள். விதி தளரப் போகிறது என்ற பேச்சு எழுந்தபோதே தியோடர் ஆபீசுக்கு அப்படி ஒன்றை டைப் அடித்து வைத்தவளே தமயந்திதான். அதை ஒரு ஜீவனும் படிக்காது, 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அமுக்கிவிட்டுப் போய்விடும். தன் ஜனங்களுக்குப் புரிய வேண்டுமே என்று நல்ல மனசோடு, இங்கிலீஷும் கன்னடமும் போக, தமிழில் பளிச்சென்று எழுதினாள்:

"நான் உங்களை அழைக்கவில்லை. நீங்களாகவே வந்திருக்கிறீர்கள். இதைப் படித்ததால் மட்டும் நான் உங்கள் வக்கீல் ஆகிவிட மாட்டேன். இதைப் படித்துவிட்டு நீங்களாக ஏதாவது செய்து நஷ்டப்பட்டால் நான் பொறுப்பல்ல."

கீழே இரண்டு பட்டன். 'ஒப்புக்கொள்கிறேன்' என்றால் உள்ளே போகலாம். 'ஒப்புக்கொள்ளவில்லை' என்றால் அந்தப் பக்கத்தை விட்டே வெளியே அனுப்பிவிடும். தமயந்தி திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தாள். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று பூரித்துப்போனாள். பாவம்!

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதுவே அழைத்த மாதிரி ஆகிவிடுமே. எத்திராஜுக்கு வாய் சும்மா இருக்குமா? டீக்கடை, லிஃப்ட், மாட்டினவர்கள், மாட்டாதவர்கள் எல்லாரிடமும் "எங்க வீட்டம்மா வெப்சைட் போட்டிருக்காங்க, உலகம் பூரா தெரியும்" என்று பீற்றிக்கொண்டான்.

"ஏங்க, என்ன காரியம் பண்ணீங்க! அப்படியெல்லாம் கூப்பிடக் கூடாது."

"நான் எங்க கூப்பிட்டேன்? இருக்குன்னுதானே சொன்னேன்."

"அதுக்குப் பேருதாங்க கூப்பிடறது!"

பிள்ளையார் சதுர்த்தி முடிந்த வாரம் அது. மளிகைக் கடை பாலசுப்ரமணியன்தான் தெருவின் விழாக் கமிட்டித் தலைவர். வீடு வீடாகத் தானே போய்த் தட்டு வைத்து அழைப்பவர். தமயந்தி வீட்டுக்கும் வந்து, அவளையும் எத்திராஜையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி அழைத்துவிட்டுப் போயிருந்தார். நம்ம தெருப் பொண்ணு வெப்சைட் போட்டிருக்கிறதாமே என்று ஆசை ஆசையாக, மனைவி ரமாவோடு க்ளென் கடைக்குப் போய்த் திறந்து பார்த்தார். உலகத்திலேயே முதல்முறையாக ஒரு சட்ட அறிவிப்பை ஒருவர் முழுசாகப் படித்தார். படித்தவர் முகம் சிவந்துவிட்டது.

மறுநாள் காலை ஒரு பட்டாளமே பேக்கரி மாடிப்படி ஏறியது. சத்தம் கேட்ட தமயந்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐந்து மாசத்தில் முதல் காலடிச் சத்தம். கோட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வாங்கண்ணா, உக்காருங்க..."

"உக்கார நீதான் கூப்பிடலையேம்மா!" என்றார் பாலசுப்ரமணியன். "நாங்க என்ன சோத்துக்கு அலையறவங்களா? தட்டு வெச்சு உன்னைய அழைச்ச கை இது. நான் உன்னைய கூப்பிடல, நீயாத்தான் வந்தேன்னு கம்ப்யூட்டர்ல எழுதி வெச்சிருக்கே!"

"அண்ணா, அது சட்டப்படி..."

"அதோட விட்டாங்களா?" என்று ரமா குறுக்கே புகுந்தாள். "ஒத்துக்கலைன்னு இவரு அமுக்கினாரு. டபக்குனு வெளிய தள்ளிடுச்சு! கழுத்தப் புடிச்சுத் தள்ளின மாதிரி. நேத்து மனுஷன் டிபனே தொடல."

"அண்ணா, வக்கீலுங்க யாரையும் வாங்கன்னு சொல்லக் கூடாது. சொன்னா என் கோட்டு போயிடும்."

"சும்னே சும்மா சொல்லாதே. சொந்த ஜனத்தக் கூப்பிடாதேன்னு எந்த ஊர்ல சட்டம் இருக்கு?"

தமயந்திக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. மேஜையைத் தட்டிவிட்டு எழுந்தாள். "இருக்குண்ணா! எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அஞ்சு மாசமா இங்க தனியா உக்காந்திருக்கேன். ஜன்னலத் தொறந்து வாங்க வாங்கன்னு கத்தணும் போல இருக்கு. கத்த முடியாது. கிறிஸ்துமஸுக்குள்ள யாரும் வரலேன்னா மறுபடி அடுத்தவங்க கேஸ் கட்டத் தூக்கிக்கிட்டுப் பின்னால போவணும். சண்டைக்காவது இன்னிக்கு இத்தன பேர் வந்தீங்களே, அதுவே எனக்குப் பெரிசு."

ரமாதான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே குரல் கொடுத்து எல்லாருக்கும் காரா பன் கொண்டுவரச் சொன்னாள். தின்னத் தின்னக் கோபமெல்லாம் கரைந்துபோனது. ஆனாலும் பாலசுப்ரமணியன் படியிறங்கும்போது விட்டுக்கொடுக்கவில்லை. "மனசுல ஒண்ணும் வெச்சுக்கலம்மா. ஆனா கூப்பிடாத இடத்துக்கு வர்றது நம்ம பழக்கம் இல்ல" என்றார்.

எல்லாரும் போன பிறகும் ஒருத்தி பன்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த சந்தில் இட்லி மாவு அரைத்து விற்கிற சரசு.

"சண்டை முடிஞ்சுதேம்மா, நீ போகலையா?"

"நான் சண்டைக்கு வரலக்கா. கேஸுக்கு வந்தேன். என்னைய வீட்டக் காலி பண்ண வைக்கணும்னு ஓனரு தண்ணி லைனக் கட் பண்ணிட்டான். தண்ணி இல்லாம மாவு எப்பிடி அரைக்கிறது? கிரைண்டர் ஓடி வாரமாச்சு."

"யாரும் வர மாட்டேங்கிறாங்க, நீ மட்டும் ஏம்மா என்கிட்ட வந்தே?"

சரசு பன்னை ஒரு கடி கடித்துக்கொண்டாள். "பேசித் தீத்துக்கலாம் வான்னு ஓனரு கூப்பிட்டான். போயிட்டு வர்றதுக்குள்ள பைப்ப அறுத்துட்டான். நான் முடிச்சுத் தரேன் வான்னு புரோக்கரு கூப்பிட்டான். அவன் ஓனரோட மச்சான். கோர்ட் வாசல்ல ஒரு கறுப்புக் கோட்டு கையப் புடிச்சு இழுக்காத கொறையாக் கூப்பிட்டான். அவன் மறுநாள் போனே எடுக்கல. என்னைய கூப்பிட்டவன் எல்லாம் எனக்குக் குழிதான் வெட்டினான். நீங்க ஒருத்தர்தான் கூப்பிடலைன்னு எழுதி வெச்சிருக்கீங்க. அதான் வந்தேன்."

தமயந்தி அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "உக்காரு சரசு. மொதல்லேருந்து சொல்லு" என்றாள்.

மேயோ ஹால் கோர்ட்டில் தன் சொந்தக் கேஸுக்காக முதன்முதலாக எழுந்து நின்றாள். பழக்கதோஷத்தில் "அவர் வந்துகொண்டிருக்கிறார்" என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "நான்தான் வந்திருக்கிறேன்" என்றாள். நீதிபதியே சிரித்துவிட்டார். அப்புறம் தடுமாறவில்லை. வாடகைக்கு இருப்பவளின் தண்ணீரை நிறுத்தி விரட்டுவது எந்த ஊர் நியாயம் என்று அவள் கேட்க, ஓனரின் வக்கீல் வாய்தா கேட்டுப் பார்த்தார். தசராவுக்கு முன்னால் இடைக்கால உத்தரவு வந்தது, அன்றைக்கே குழாயில் தண்ணீரும் வந்தது. சரசுவின் கிரைண்டர் கடகடவென்று ஓடிய சத்தத்தைக் கேட்கத் தமயந்தி கோட்டோடு அந்தச் சந்துக்கே போய் நின்றாள். ஜென்மத்தில் அவ்வளவு இனிமையான சத்தத்தை அவள் கேட்டதில்லை.

விதி வக்கீலின் வாயைத்தான் கட்டும், மாவுக்காரியின் வாயைக் கட்டாது. "வெளிய சொல்லாதே சரசு" என்று தமயந்தி கெஞ்சினாள். "நான் மாவு விக்கிறவக்கா, ஊமையாவா விக்க முடியும்?" என்றாள் அவள். வீட்டுக்கு வீடு மாவோடு கதையும் போனது. பிறகு ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். வருகிறவர்கள் சும்மா வரவில்லை. வாசலில் நின்று, உள்ளே தமயந்திக்குக் கேட்கும்படி, "நீங்க கூப்பிடல, நாங்களாத்தான் வந்தோம்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, குஷியாகச் சிரித்துக்கொண்டே நுழைந்தார்கள். ஈஜிபுராவிலிருந்துகூட இரண்டு பஸ் மாறி வந்து அதைச் சொன்னார்கள். கடைசியில் பக்கத்துக் கட்டடத்துக்காரன் சாக்கடையைக் கடை வாசலுக்குத் திருப்பிவிட்டான் என்று பாலசுப்ரமணியனே வந்தார். அவர் மட்டும் அந்த வாசகத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். தியோடர் ஒரு கேக் டப்பாவோடு பேக்கரிப் படியேறினார். பழைய ஜூனியரைக் கையோடு கூட்டிப் போய்விடலாம் என்பது அவர் எண்ணம். வராந்தாவில் பெஞ்சு நிறைய ஆட்கள். முதல் ஆளாக உட்கார்ந்திருந்த பாலசுப்ரமணியன் கையை நீட்டித் தடுத்தார்.

"சார், ஒரு நிமிஷம். அம்மா உங்கள கூப்பிட்டாங்களா?"

"இல்லையே. நானாத்தான் வந்தேன்."

"அப்ப சரி. கடைசில போய் உக்காருங்க."

அத்தனை வருஷம் கோர்ட்டைக் கலக்கிய தியோடர், கேக்கை மடியில் வைத்துக்கொண்டு, மாவு வாளிக்கும் ஒரு குடைக்கும் நடுவில் சாதுவாக உட்கார்ந்தார். அடுத்த ஆளைப் பார்க்க வெளியே வந்த தமயந்தி அவரைக் கண்டதும் பதறிப்போனாள்.

"ஐயோ சார்! நீங்க எதுக்கு இங்க? உள்ள வாங்க..."

"கூப்பிடாதம்மா, கூப்பிடாதே! கோட்டு போயிடும்" என்று அவர் இரண்டு கையையும் உயர்த்தினார். வராந்தாவே கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் பெஞ்சை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"அந்த நாற்காலிய என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார்.

"யாருக்காவது குடுத்துடுங்க சார்" என்றாள் தமயந்தி.