ஐந்து தெருக்களும் நான்கு நாள் ஓய்வும்

“படிச்சவ, வேலைக்குப் போறவ, எல்லாம் சரிதான். உங்கம்மாவ நாலு நாளு ஒரே எடத்துல குந்த வெக்க முடியுமாடி உன்னால?”

பக்கத்து வீட்டு அத்தை இதைக் கேட்டபோது எங்கள் குப்பத்துக் குழாயடியில் மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மா சற்றுத் தள்ளி, கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் முன்பு ராஜகீழ்ப்பாக்கத்தில் கூடையோடு நடக்கையில் தலைசுற்றி, ஒரு வீட்டு மதிலைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்துவிட்டாள். கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, முதலில் நாலு நாள் தலையில் எதையும் ஏற்றக் கூடாது, வீட்டு வேலையும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“முடியும்” என்றேன் அத்தையிடம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பட்டமும் வாங்கினேன். தாம்பரத்தில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் அலுவலகம் ஒன்றில் வேலை. அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். கழுத்தெலும்புத் தேய்மானத்தை வாரத்துக்கு நாலு தடவையாவது அடிப்பேன், ஒரு எழுத்து பிசகாது. அதனால் முடியும் என்று சொல்லும்போது எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறுவதால் சனி முதல் செவ்வாய் வரை எங்களுக்கு லீவு விட்டிருந்தார்கள். குப்பத்து வீட்டில் இருந்தால் அம்மா ஓய்வெடுக்க மாட்டாள். வேறு எங்கே போவது என்பதுதான் கேள்வி. இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, மதுராந்தகம் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில் சித்தியின் வீடு. சித்தி லாரி ஓட்டுபவரை விரும்பிக் கட்டிக்கொண்டு கடற்கரையை விட்டுப் போனவள். இன்னொன்று, ராஜகீழ்ப்பாக்கத்தில் நான் குடியிருந்த மாடி அறை. என்னோடு அறையில் இருந்த இரண்டு பெண்களும் லீவுக்கு அவரவர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அறை முழுக்கக் காலி.

“உன் ரூமுக்கே போவலாம்” என்றாள் அம்மா. “ஃபேன் கீது. கக்கூஸ் உள்ளாறயே கீது. மேல படுத்துக்கினு கெடப்பேன்.”

நான் கிராமத்துக்குப் போகலாம் என்றேன். தாம்பரம் வேளச்சேரி ரோட்டுப் புழுதி, லாரிச் சத்தம், போர் தண்ணியின் உப்பு எல்லாவற்றையும் சொன்னேன். கிராமத்தில் சுத்தமான காற்று, மரநிழல், அமைதி. கழுத்து நரம்புக்கு அமைதி ரொம்ப முக்கியம் என்று டாக்டர் சொல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் சொன்னதற்குக் காரணம் அதில் எதுவுமில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஐந்து தெருக்கள் அம்மாவுடையவை. மீன் விற்கும் பெண்களுக்குள் அப்படி ஒரு கணக்கு உண்டு. ஒருத்தி வாடிக்கை வைத்திருக்கும் தெருவில் இன்னொருத்தி குரல் கொடுக்கக் கூடாது. மீறினால் சுமையேற்றி வரும் லோடு ஆட்டோவிலேயே சண்டை நடக்கும். ஆனால் தொடர்ந்து மூன்று நடை ஒருத்தி தன் தெருவில் தலைகாட்டவில்லை என்றால் அந்தத் தெரு பொது. வெள்ளிக்கிழமை யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால் அது மட்டும் கணக்கில் வராது. கூடையோடுதான் வர வேண்டும் என்பதுகூட இல்லை. வந்து நின்று நாலு வீட்டில் முகம் காட்டினாலோ, வாடிக்கை வீடுகளே எங்களுக்கு அவள்தான் என்று ஒரு வார்த்தை சொன்னாலோ போதும், தெரு அவளுடையதுதான்.

நான் குடியிருந்த வீடு அந்த ஐந்து தெருக்களில் இரண்டாவதில் இருந்தது. அறையைப் பிடித்துத் தந்ததே அம்மாதான். “அந்த டீச்சரம்மா வூட்டு மாடி காலியாம், பொம்பளப் புள்ளைங்களுக்குத்தான் குடுப்பாங்களாம், போய்ப் பாரு” என்றாள். போய்ப் பார்த்தேன். டீச்சர் ஒரு பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். இறந்துவிட்டார் என்றேன். அம்மா? பிசினஸ் என்றேன்.

குடிவந்த மூன்றாம் நாள் காலை, நான் கேட்டைத் திறந்து வெளியே வரவும் அம்மா கூடையை இறக்கவும் சரியாக இருந்தது. டீச்சர் சட்டியோடு படியில் நின்றிருந்தார். அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது. அம்மாவுக்கு அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “இன்னா பாப்பா, மாடிக்குப் புதுசா? வாங்கிக்கமா, காலைல வந்த சங்கரா” என்றாள்.

அதிலிருந்து எட்டு மாதம் அப்படியே போயிற்று. எனக்கு மதியம்தான் ஷிஃப்ட். காலையில் அவள் குரல் தெருமுனையில் கேட்கும்போது நான் தலைவாரிக்கொண்டிருப்பேன். சில நாள் இறங்கிப் போவேன். பேரம்கூடப் பேசியிருக்கிறேன், பேசாமல் வாங்கினால் டீச்சருக்கு வித்தியாசமாகத் தெரியும் என்று. “இன்னாமா நீ, படிச்ச புள்ள இப்டி அடிச்சுக் கேக்குற” என்று அம்மா அலுத்துக்கொள்வாள். நல்ல மீனாகப் பொறுக்கிப் போடுவாள். லீவு நாளில் குப்பத்துக்குப் போகும்போது இதைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

அம்மா மாடியில் நாலு நாள் தங்கினால் இதெல்லாம் அன்றோடு முடிந்துவிடும். அவளுக்கும் அது தெரியும். அவள் அறையைக் கேட்டது ஃபேனுக்காக அல்ல. தெருவுக்கு நடுவில் இருந்தால் காலையில் கேட்டில் நின்று முகம் காட்டலாம், ஐந்து தெருவும் கைவிட்டுப் போகாது. இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது என்று எழுதத்தான் ஆசை. நன்றாகத் தெரியும்.

“தெருவ யாரும் எடுத்துக்க மாட்டாங்கம்மா. நாலு நாளுதான” என்றேன்.

அம்மா கழுத்துத் துண்டை அவிழ்த்துப் பிழிந்தாள். பிறகு, “சரி, கிராமத்துக்கே போவலாம். ஆனா ஒண்ணு பண்ணு. டீச்சரம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்ட்டு வா. எம்பொண்ணுன்னு சொல்லாத. மீன்காரிக்கு ஒடம்பு சரியில்ல, புதன்கிழம வந்துடுவான்னு மட்டும் சொல்லு. அவுங்க நாலு வூட்டுல சொல்லிடுவாங்க. அது போதும்.”

வெள்ளிக்கிழமை ஷிஃப்டுக்கு லீவு சொல்லிவிட்டு, சாயங்காலம் துணிமணி எடுக்க அறைக்குப் போனேன். டீச்சர் வராந்தாவில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். “லீவுக்கு எங்கம்மா, ஊருக்கா, இங்கதானா?” என்று கேட்டார்.

“ஊருக்கு, மேடம்.”

“நல்லது. இந்தச் சத்தத்துல இருந்து தப்பிச்சே.”

அப்போது சொல்லியிருக்கலாம். வாயில் வார்த்தை தயாராகத்தான் இருந்தது. ஆனால் உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டால்? அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, கேட்டைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்றேன்.

கிராமத்தில் காற்று சுத்தமாகத்தான் இருந்தது. அம்மா அதில் என்ன செய்வது என்று தெரியாமல் கட்டிலில் கிடந்தாள். அறுவடை முடிந்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. சித்தி பகலில் கடலைக்காய் உடைக்கப் போய்விடுவாள். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. அம்மா யாரிடமாவது கத்திப் பேசியே பழகியவள். அங்கே மெதுவாகப் பேசக்கூட ஆளில்லை.

“நல்லாத்தான் கீது, பொணம் வெச்ச வூடு மாதிரி” என்றாள் இரண்டாம் நாள்.

சித்தி சிரித்தாள். “அக்காவுக்குக் கத்தலேன்னா சோறு எறங்காது. அந்தக் குளத்தாண்ட போய் ஒரு தடவ மீனேன்னு கத்திட்டு வாயேன்க்கா.”

“குளத்து மீனு சேறு நாறும். அத எவ வாங்குவா.”

மூன்றாம் நாள் காலை, “இன்னிக்குத் திங்கக்கெழமதான? டீச்சரம்மா நெத்திலி கேட்டாங்க” என்றாள் என் பக்கம் திரும்பாமல். “நீ சொன்னதுக்கு இன்னா சொன்னாங்க?”

“சரின்னாங்க.”

“அவ்ளோதானா? ஒடம்புக்கு இன்னான்னு கேக்கல?”

“கேட்டாங்க. பாத்துக்கச் சொன்னாங்க.”

அம்மா தலையாட்டிக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. அந்த நாலு நாளில் அவள் முகத்தில் நான் பார்த்த ஒரே சந்தோஷம் அதுதான், அதுவும் என் பொய்க்குக் கிடைத்தது. நான் எழுந்து வெளியே போய், வெயிலில் நின்றேன்.

கழுத்து வலி குறைந்திருந்தது. டாக்டர் சொன்னது பலித்தது. அத்தையின் சவாலில் நான் ஜெயித்துவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

புதன்கிழமை காலை அறையில் தலைவாரிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் குரல் கேட்டது. அம்மாவின் குரல் இல்லை. எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அத்தை எங்கள் கேட்டில் கூடையை இறக்கி வைத்து, டீச்சருக்கு மீனைக் கழுவி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா வெட்டித் தர மாட்டாள், அவளுக்கு நேரமிருக்காது. தெருவின் மறுகோடியில் அம்மா அரைக்கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். குரல் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரும்பி நடந்தாள்.

நான் கீழே இறங்கினேன். அத்தை நிமிர்ந்து பார்த்தாள். குப்பத்தில் எல்லாருக்கும் போல அவளுக்கும் என் சங்கதி தெரியும். “வேணுமாம்மா?” என்றாள், முன்பின் பார்த்திராதவள் போல. பிறகு டீச்சர் சில்லறை எடுக்க உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினாள். “மூணு நட பாத்தேன்டி. நாலாவது நட அன்னிக்குத்தான் கால வெச்சேன். ஒருத்தர் வூட்லயும் அவளுக்கு இன்னா ஆச்சுன்னு கேக்கல. அதுங்களுக்கு மீன் வந்தா போதும். இப்போ இந்த டீச்சரம்மா, எங்களுக்கு அந்தம்மாதான்னு ஒரு வார்த்த சொல்லட்டும், நான் தூக்கிக்கினு போயிடறேன். சொல்லச் சொல்லு பாப்போம்.”

டீச்சர் வந்தார். நான் மாடிக்குப் போனேன்.

அதற்குப் பிறகு அம்மா கோவிலம்பாக்கம் பக்கம் போகத் தொடங்கினாள். யாரும் பிடிக்காத தெருக்கள் என்றால் அவற்றில் வீடுகள் குறைவு என்று பொருள். காலி மனைகளைத் தாண்டித் தாண்டி நடக்க வேண்டும். கழுத்துத் துண்டு மறுபடி ஏறியது. ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனால் அவள் எண்ணெய் தேய்க்கச் சொல்லி முதுகைக் காட்டுவாள். தெருவைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அத்தையோடும் சண்டை போடவில்லை. ஒருநாள் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, “நீ டீச்சரம்மாகிட்ட சொல்லலதான?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நான் கிண்ணத்திலிருந்து இன்னும் கொஞ்சம் எண்ணெய் எடுத்தேன். “சரி, தேய்” என்றாள்.

என் படிப்பைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைத்ததும் இல்லை. அந்தப் படிப்புக்கு ஃபீஸ் கட்டிய தெருக்கள் அவை. ஆறு வாரம் இதை நினைத்துக்கொண்டே அந்த மாடியில் குடியிருந்தேன்.

போன சனிக்கிழமை காலை டீச்சரின் கதவைத் தட்டினேன். நின்றுகொண்டே சொன்னேன். முன்பு வந்துகொண்டிருந்த மீன்காரம்மா என் அம்மா. உடம்பு சரியில்லாததால்தான் வரவில்லை. உங்களிடம் சொல்லச் சொன்னார், நான் சொல்லவில்லை.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். “அவங்க வேற ஏரியாவுக்குப் போயிட்டாங்கன்னு இப்ப வர்ற அந்தம்மா சொன்னாங்களே.” கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “நீ அவங்ககிட்ட பேரம் பேசுவியேம்மா” என்றார்.

“ஆமாம் மேடம்.”

“சொந்த அம்மாகிட்ட.”

“ஆமாம்.”

அவர் திட்டவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “நான் அவங்ககிட்டயே வாங்கிக்கிறேன். ஆனா நான் ஒரு வீடு சொல்லி என்ன ஆகும்? தெரு முழுக்க இல்ல சொல்லணும்” என்றார்.

அவர் சொன்னது சரி. செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு மணியை அடித்தேன். மாடியில் குடியிருக்கும் பெண் என்று தெரிந்து கதவைத் திறந்தார்கள். மீன்காரம்மாவின் மகள் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். ஒரு வீட்டில், “அப்படியா, பார்த்தா தெரியலையே” என்றார்கள். இன்னொரு வீட்டில், “யார் போட்டா என்னம்மா, இப்ப வர்றவங்க வெட்டியும் தர்றாங்க” என்று கதவைச் சாத்தினார்கள். ஒரு அக்கா மட்டும், அவங்க கழுத்து எப்படி இருக்கு என்று கேட்டார். அன்று மதிலைப் பிடித்து உட்கார்ந்தபோது தண்ணீர் கொடுத்தவராம்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எத்தனை வீடு அவளைத் திரும்பக் கூப்பிடும் என்று எனக்குத் தெரியாது. பாதிக்கு மேல் கூப்பிடாது என்றுதான் தோன்றுகிறது. ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். மூன்று தெருக்கள் முடிந்துவிட்டன. இன்று காலை நான்காவது தெருவில் முதல் ஆறு வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.