வற்றாத மடு

மழை விட்டதும் எங்கள் தெருச் சாக்கடையோரம் மாநகராட்சி ஆட்கள் பிளீச்சிங் பவுடரைத் தூவிப் போவார்கள். அந்த நெடி ஜன்னலுக்குள் நுழைந்தால் போதும், இத்தனை வருடம் கழித்தும் என் பற்கள் நெறிபடும். தொண்ணூறுகளின் ஒரு சித்திரையில், ஆனைமலைக்கு அப்பால், மலையடிவாரத்து மடு ஒன்றில் ஏறிய நெடி அது.

என் தங்கையை அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளையின் தென்னந்தோப்பை ஒட்டி மலையிலிருந்து ஓடை இறங்கும். கோடையில் அது நூலாக இளைத்துவிடும். பெரும்பாறைக்கு அடியில் ஒரு மடு மட்டும் வற்றாது. மாரியம்மன் நோம்பிக்குப் போயிருந்தவன் விடிகாலையில் அங்கே நீர்நாய்களைப் பார்த்தேன். தாயும் இரண்டு குட்டிகளும். வாயில் மீன், மீசையில் வெயில். பார்த்தவன் சும்மா இருந்திருக்கலாம். பந்தியில் உட்கார்ந்து வாய் நிறைய அளந்தேன். எத்தனை மீன் கிடந்தால் மூன்று நீர்நாய் அங்கேயே குடியிருக்கும் என்றேன். மாப்பிள்ளை சோறு பிசைவதை நிறுத்திவிட்டு, எந்தப் பாறை என்று மரியாதையாகக் கேட்டார். சொன்னேன்.

மறுநாள் காலை நெடிதான் என்னை அங்கே இழுத்துப் போனது. மேலே கல்லடுக்கி ஓட்டத்தை மறித்து, பவுடரைக் கொட்டிவிட்டு, மாப்பிள்ளையும் கூட்டாளி ஒருவரும் கரையில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். விரல் நீளக் குஞ்சுகூட வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தது. செருப்போடு இறங்கி அந்தக் கற்களை உதைத்துத் தள்ளினேன். நல்ல தண்ணீர் வந்தது. செத்தது எழவில்லை.

மாப்பிள்ளை கூட்டாளியைப் பார்த்துச் சிரித்தார். "மச்சான் நீர்நாய்க்குப் பொண்ணு குடுத்திருக்காருங்க. அதான் துடிக்கறாரு."

"குடுத்திருந்தா தேவலைங்க மாப்ள," என்றேன்.

அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை. மதியம் அந்த மீன் குழம்பாகி என் இலைக்கு வந்தது. தொடாமல் இலையை மூடிவிட்டு எழுந்தேன். வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை திரும்பவில்லை, நானும் சொல்லிக்கொள்ளவில்லை. மடுவை ஒருமுறை எட்டிப் பார்த்தேன். மணலில் சின்னச் சின்னக் கால்தடங்கள் மலையைப் பார்த்து ஏறியிருந்தன.

பஸ் நிற்கும் இடம்வரை தங்கை கூட வந்தாள். மூடிய இலைக்காகவோ, அவள் புருஷனைப் பேசியதற்காகவோ திட்டுவாள் என்று காத்திருந்தேன். பஸ் கண்ணில் பட்டபிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நா கண்ணாலமாயி வந்த வருசத்துல இருந்து அதுகளப் பாத்துட்டிருக்கறனுங்ணா. ஒருத்தருகிட்டயும் மூச்சு உட்டதில்லீங்."