டாக்டரம்மா சுட்ட சடை ரொட்டி

கம்பவுண்டர் சவரிமுத்து காலையில் என் ரொட்டிக் கடைக்கு வந்து, "பாய், டாக்டரம்மா போயிட்டாங்க" என்றார். நான் அப்படியே மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

நாகல் நகரில் அவர் கைபட்டுப் பிறந்த பிள்ளைகள் உங்கள் வீடுகளிலும் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் யூதர்களைக் கொன்று குவித்த காலத்தில் கப்பலேறித் தப்பி வந்தவர் என்பதும் உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்து நான் கடை திறக்கும்போது, பிசைந்த மாவோடு வந்து நிற்பார். முட்டையும் எண்ணெயும் சேர்த்த மாவு. அதில் ஒரு துண்டைக் கிள்ளி, எதையோ முணுமுணுத்து, என் அடுப்பு நெருப்பில் போட்டுக் கருக்குவார். பிறகு மிச்ச மாவை மூன்று திரியாக உருட்டிச் சடைபோலப் பின்னி, இரண்டு ரொட்டி சுடுவார்.

அந்தத் துண்டு கருகும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் வரத் தொடங்கிய பிறகு நாங்கள் இரண்டு பிள்ளைகளைப் பிறந்த அன்றே பறிகொடுத்திருந்தோம். மூன்றாவதாக என் மனைவி ஜமீலா நிறைமாதமாக இருந்தபோது பக்கத்துக் கடைக்காரர், "சும்மாவா பாய் மாவை நெருப்புல போடுது அந்தம்மா? சூனியமா இருக்கப் போவுது" என்று கொளுத்திப் போட்டார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், நம்பிவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை அவரை வாசலிலேயே நிறுத்தி, "அடுப்பு வெடிச்சிருச்சும்மா" என்றேன். உள்ளே பன் வெந்துகொண்டிருந்த வாசனை தெருவரை வந்தது. "சரி பாய்" என்று மாவோடு திரும்பிப் போனார்.

அன்று மாலையே ஜமீலாவுக்கு வலி கண்டது. மருத்துவச்சி வெளியே வந்து, "பிள்ளை குறுக்க கெடக்கு. என்னால ஏலாது, டாக்டரம்மாவக் கூட்டியா" என்றாள். ஓடினேன். அவர் வீட்டு ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்திகள் எரிந்தன. அது அவர்களுடைய ஓய்வுநாள் விளக்கு என்று தெரியாமல், அதுவும் சூனியம்தான் என்று நினைத்தேன். எதிர்ப்பக்கம் அரை மணி நேரம் நின்றேன். கூப்பிட்டால் சூனியம், கூப்பிடாவிட்டால் சாவு! கடைசியில் தட்டினேன். ஒரே தட்டுக்குக் கதவு திறந்தது.

பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அது ஆண்டவனுக்கு எடுத்து வைக்கிற பங்கு பாய். மனுசங்க திங்கக் கூடாது, அதான் எரிச்சிடுறோம்" என்றார். கையைத் துடைத்துவிட்டு, "நீங்க எதுத்தாப்ல நின்னதைப் பார்த்தேன். எங்க ஊர்ல இப்படித்தான் வீட்டுக்கு முன்னாடி வந்து நின்னாங்க. அப்புறம் கதவை உடைச்சாங்க" என்றார்.

"அப்புறம் எதுக்கும்மா திறந்தீங்க?"

"தட்டுனீங்களே."

அந்த அரை மணி நேரத்தைப் பற்றி அவர் கடைசிவரை யாரிடமும், ஜமீலாவிடம்கூட, மூச்சுவிடவில்லை. இனி அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. தனியாக வைத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறது, எழுதிவிட்டேன். ஜமீலாவும் இதைப் படிப்பாள்.